காவல் நிலையம் ஏறாத ஊர்

அரசாங்கம் இல்லாவிட்டாலும் மனிதர்கள் ஒழுங்காக வாழ்ந்துவிடுவார்கள் என்று வாதாடியவர்களில் எனக்குப் பிடித்தவர் பீட்டர் குரோப்போட்கின். ரஷ்ய இளவரசராகப் பிறந்தவர், சைபீரியாவை அளந்த புவியியலாளர், சிறையிலிருந்து தப்பியவர். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கம். கப்பல் உடைந்தால் கரையோரத்து ஆட்கள் தாங்களே படகை இறக்குகிறார்கள், எந்தச் சட்டமும் அவர்களைப் பிடித்துத் தள்ளவில்லை என்றார். 1824இல் தொடங்கிய அந்தச் சங்கம் இன்றும் பெரும்பாலும் நன்கொடையாலும் தொண்டர்களாலும்தான் ஓடுகிறது.

எதிர்த்தரப்பு உடனே கனடாவின் மாண்ட்ரியலை இழுத்து வரும். 1969 அக்டோபர் 7 அன்று அங்கே போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே நாளில் வங்கிக் கொள்ளை, கடைச் சூறை, உயிர்ப்பலி. கடைசியில் ராணுவம் வந்தது. இந்தக் கதைக்கு நான் அதிக மதிப்பெண் போடுவதில்லை. போலீஸை நம்பியே பழகிய நகரத்தில் திடீரென்று போலீஸ் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அது காட்டியது. நம்பாமலே பழகிய ஊர் எப்படியிருக்கும் என்று பார்க்க நாகப்பட்டினம் கடற்கரைக்கு வர வேண்டும்.

அங்கே மீனவர் ஊர்களில் பஞ்சாயத்தார் சொல்வதுதான் சட்டம். எந்த வலை போடலாம், என்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது, கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, எல்லாம் அவர்கள் முடிவு. ஒரு படகு திரும்பவில்லையென்றால் மற்றப் படகுகள் தேடக் கிளம்பிவிடும். டீசல் யார் காசு என்ற பேச்சு அப்புறம்தான். 2004 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நிவாரணம் கொண்டுவந்த அமைப்புகளுக்குக் குடும்பப் பட்டியல் கொடுத்ததும், வந்த பொருளைப் பங்கு வைத்ததும் பெரும்பாலும் இந்தப் பஞ்சாயத்துகள்தான்.

அப்படியொரு ஊர்க்கூட்டத்தைக் கோயில் மண்டப ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருவர் வலை மேல் இன்னொருவர் படகு ஏறி வலை அறுந்துவிட்டது. அறுந்த துண்டைத் தரையில் விரித்துப் போட்டார்கள். நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து கண்ணியைக் கையால் தடவிப் பார்த்தார்கள். "ரெண்டு வருஷம் ஓடுன வலை, புது வலைக் காசு எப்பிடிக் கேப்ப?" என்றார் ஒரு பெரியவர். வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, அரை மணி நேரத்தில் தொகை முடிவானது. இதைத்தானே குரோப்போட்கின் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே மீன் கூடையோடு நின்ற அம்மா என்னிடம் சொன்னார்: "அது எங்க வீட்டு வலைதான் தம்பி. கேட்டுட்டு வந்து சொல்லுவாக. பொம்பளைக உள்ள போறதில்ல."

வலைக்குப் பாதி விலை வாங்கிக் கொடுத்த அதே கூட்டத்தின் கையில்தான் ஊர்விலக்கும் இருக்கிறது. பஞ்சாயத்தைக் கேட்காமல் காவல் நிலையம் ஏறினாலே போதும். கடையில் அரிசி கொடுக்க மாட்டார்கள், பிடித்து வந்த மீனை ஏலம் எடுக்க மாட்டார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வர மாட்டார்கள். யாரும் அடிப்பதில்லை. அத்தனை பேரும் நல்லவர்கள், ஊர்க்கட்டுப்பாட்டை மதிப்பவர்கள். நியாயம் என்று நம்பித்தான் செய்கிறார்கள்.

அதனால்தான் மனிதன் கெட்டவன், ஆகவே அரசாங்கம் வேண்டும் என்ற பழைய வாதம் எனக்கு ஒட்டுவதில்லை. திருடனைப் பிடிக்க ஊரே போதும். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருவனை ஒதுக்கும்போது அவன் எங்கே போவான் என்பதுதான் என் கவலை. சுனாமி நிவாரணத்திலும் ஊர்க் கணக்கில் வராத தலித் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டன. கணக்கெடுத்தவர்கள் திருடர்கள் அல்ல; தங்கள் ஊர் எது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது, அவ்வளவுதான். காந்தி கிராமத்தை நம்பினார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதே கிராமத்தைக் கடுமையாகச் சாடினார். இந்த விஷயத்தில் நான் அம்பேத்கர் பக்கம்.

ஊருக்குள் இத்தனை பிடி உள்ள பஞ்சாயத்து, ஊருக்கு வெளியே தளர்ந்துவிடுகிறது. மீன் கூட்டத்தையே சுற்றி வளைக்கும் சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு அரசு 2000இல் தடை செய்தது. அதற்குப் பிறகும் வேண்டும் என்ற ஊர்களும் வேண்டாம் என்ற ஊர்களும் நடுக்கடலில் மோதிக்கொண்டன. பஞ்சாயத்துகள் கூடிப் பேசித் தீராமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023இல் வாரத்தில் 2 நாள், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் என்று நிபந்தனையோடு இடைக்கால அனுமதி வந்தது.

விலக்கி வைக்கப்பட்டவர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவோடு நிற்பார். அவர் எந்த ஊர்க்காரர், யாருக்குப் பங்காளி என்பதெல்லாம் தெரியாத ஒருவர் முன்னால் நிற்பதே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். ஆனால் அதிகாரிகள் பெரும்பாலும் செய்வது, அதே பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு அமைதிக் கூட்டம் போட்டு, இனி விலக்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. மறுநாள் விடியற்காலை அவரைப் படகில் ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்பதை அப்போதும் ஊர்தான் தீர்மானிக்கிறது.