பயணம் போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு

 



ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார மஹல்லாக்களில் இன்று அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தகப்பன்மார்கள், ஜும்ஆ முடிந்ததும் ஹவுளின் ஓரத்தில் நின்று கேட்கிறார்கள்: "பையன் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரவேண்டும் என்கிறான். எப்படி அனுப்புவது?"

எல்லை தாண்டுவது இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகம். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கும் கன்னடமும் கேட்டே வளர்கிறார்கள். ஆனால் பெங்களூருக்குப் படிக்கப் போகும் பிள்ளை மாலையில் வீடு திரும்பிவிடும். கடல் கடந்து போகும் பிள்ளை திரும்ப ஆண்டுகள் ஆகும். அதன் கையில் நாம் என்ன கொடுத்து அனுப்புகிறோம் என்பதே கேள்வி.

கல்விக்காகப் பயணம் போவது நம் மார்க்கத்தில் பழைய வழக்கம். நபி மூஸா (அலை) அவர்கள் ஓர் இளைஞரை உடன் அழைத்துக்கொண்டு கல்வி தேடிப் புறப்பட்ட வரலாற்றைத் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயம் சொல்கிறது. ஒரேயொரு ஹதீஸைக் கேட்டறிவதற்காக ஜாபிர் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதப் பயணம் செய்து ஷாம் தேசம் போனார்கள்.

ஆனால் வெறுங்கையோடு போவதை மார்க்கம் விரும்பவில்லை. யமன் நாட்டார் சிலர் ஹஜ்ஜுக்குக் கட்டுச்சோறின்றிப் புறப்பட்டு, அல்லாஹ்வை நம்பி வந்தோம் என்று சொல்லிவிட்டு, மக்கா வந்து பிறரிடம் கையேந்தினார்கள். அதை ஒட்டியே, வழிக்கு வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள் என்றும், அதில் மிகச் சிறந்தது இறையச்சமே என்றும் அல்பகரா அத்தியாயத்தில் கட்டளை வந்தது. ஆக, கட்டுச்சோறு இரண்டு. ஒன்று உலகத்துக்குரிய ஏற்பாடு. மற்றொன்று தக்வா. இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் உலக ஏற்பாட்டைப் பார்ப்போம். பதினோராம் வகுப்பிலேயே தொடங்குங்கள். நம் பிள்ளைகளின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் மற்றொரு விதம் என்று இருக்கிறது. முஹம்மது என்ற அருமைப் பெயரையே எத்தனை வகையாக எழுதுகிறோம்! பாஸ்போர்ட்டுக்கு முன்பே இவற்றை ஒன்றாக்கிக் கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரின் ஒப்புதல் படிவமும் வேண்டும்.

அடுத்து, போகும் படிப்பின் சட்டத்தை விசாரியுங்கள். நீட் தேர்வில் தகுதி பெறாமல் வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தால் இங்கே மருத்துவராகப் பதிவு பெற இயலாது. 2021 நவம்பரில் வந்த விதிகளின்படி அப்படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக் கூடாது. ஆங்கில வழியில் இருக்கவேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்கவேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அங்கே ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு முடக்கக் கணக்கில் பணம் கட்டிக் காட்டவேண்டும்; 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ ஆயிற்று. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் 2022 நவம்பர் முதல் கட்டாயம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு நேராகப் பட்டப்படிப்பில் சேர நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முடியாது. துருக்கி அரசின் உதவித்தொகையோ விண்ணப்பக் கட்டணமே இல்லாதது. பட்டப்படிப்புக்கு 21 வயதுக்கு உட்பட்டவர்கள் மனுச் செய்யலாம். இவற்றை எல்லாம் பையனே தேடிப் படித்து உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

ஏன் பையனே செய்யவேண்டும் என்கிறோம்? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, தந்தையை இழந்து, தாயாரால் மக்காவில் வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஓத விரும்பி, முதலில் அவர்களது முவத்தா நூலை மனனம் செய்தார்கள். பின்னர் மக்கா ஆளுநரிடம் சிபாரிசுக் கடிதம் பெற்று மதீனா போனார்கள். கடிதத்தைக் கண்ட இமாம் மாலிக் அவர்கள், நாயகத்தின் கல்வி சிபாரிசு பிடித்துத் தேடும் பொருளாகிவிட்டதா என்று சினந்தார்களாம். அப்போது அந்த இளைஞரே முன்வந்து தம் நிலையைப் பணிவோடு எடுத்துரைத்தார். அதன் பிறகே அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கடிதம் வாசல் வரைதான் வந்தது. உள்ளே சேர்த்தது அவரது சொந்த உழைப்பும் சொந்த நாவுமே!

இன்று நாம் என்ன செய்கிறோம்? பையன் எழுதவேண்டிய கட்டுரையை ஏஜெண்டு எழுதுகிறார். பையனுக்குத் தான் சேரப்போகும் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதுகூடத் தெரிவதில்லை. 2023ஆம் ஆண்டில் கனடாவில் இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளானார்கள். ஏஜெண்டு வாங்கித் தந்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி என்று பிறகே அவர்களிற் பலருக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் அந்நாட்டு அரசு ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது. அன்றே அந்தக் கல்லூரிக்கு மாணவர்களே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால்?

அடுத்தது பணம். இங்கேதான் ஈமானுக்குச் சோதனை. வங்கியில் இருப்புக் காட்டுவதற்காகச் சில நாட்களுக்குப் பிறர் பணத்தைக் கணக்கில் போட்டுவைத்து, "இது என் பணம்" என்று கையொப்பம் இடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய்ச் சாட்சியம் அல்லவா? தகப்பன் கையெழுத்திடுவதைப் பக்கத்தில் நின்று பையன் பார்க்கிறான். வெளிநாட்டுப் படிப்பின் முதல் பாடத்தை அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். பிறகு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, "மகனே, உண்மையாக இரு" என்று நாம் போனில் சொன்னால் அவன் எப்படிக் கேட்பான்?

வட்டிக் கடனும் அப்படியே. இருக்கும் வீட்டை அடகு வைத்து, திருப்பிக் கட்ட வழி தெரியாமல் கடனில் இறங்கும் முன், ஆலிம்களிடம் போய்க் கேளுங்கள். மஹல்லாவும் சும்மா இருக்கலாகாது. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல் தொடங்கிய உதவித் திட்டத்தில், உறுப்பினரல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்குப் பணத்தைக் கர்ளு ஹஸனாக, வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. படித்து வேலைக்குப் போனவர் திருப்பித் தருவது அடுத்த மாணவருக்குப் போய்ச் சேரும். கல்யாண விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கினால் நம் ஜமாஅத்துக்களும் சிறிய அளவில் இதைச் செய்யலாமே! கொடுக்கும்போது எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள். திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான்.

பெண்மக்கள் போக விரும்பினால் அவர்களின் ஆசையை அலட்சியம் செய்யாதீர்கள். மஹ்ரம், தங்குமிடம் பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் தெளிவாகக் கேட்டு, மகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

எல்லாம் விசாரித்த பின் மஷூரா செய்யுங்கள். பையனை இஸ்திகாரா தொழச் சொல்லுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் திருக்குர்ஆன் அத்தியாயத்தைக் கற்றுத் தருவதைப் போல இத்தொழுகையின் துஆவைக் கற்றுக் கொடுத்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முடிவு "இவ்வாண்டு வேண்டாம்" என்று வந்தால் அதையும் பையனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொய்க் காகிதத்தோடு போவதைவிட, உள்ளூர்க் கல்லூரியில் ஒரு பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போவது மேல். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனான் என்பதற்காக நம் பிள்ளையை அனுப்பவேண்டியதில்லை.

போகும் நாள் வந்தால், பெட்டியில் ஊறுகாயும் மசாலாப் பொடியும் வைக்கும் தாயே! ஐவேளைத் தொழுகையை, ஹலாலான உணவை, கொடுத்த வாக்கைக் காக்கும் பழக்கத்தை அதற்கு முன்பே அவனுள் வைத்துவிடு. அந்தச் சுமைக்கு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கிடையாது.

வல்ல அல்லாஹ் நம் மக்களின் கல்வியில் பரக்கத்தையும், பயணத்தில் பாதுகாப்பையும், பெற்றோரின் கையொப்பத்தில் உண்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.