வடிவமைத்தவரின் பொறுப்பு

ஓர் ஆயுதத்தால் நிகழும் கொலையில் அதை வடிவமைத்தவருக்கும் பங்கு உண்டா? இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட முதல் ஜெட் போர்விமானமான மாருத் உருவான வரலாறு இந்தக் கேள்விக்கு நல்ல உரைகல்.

மாருத்தின் தலைமை வடிவமைப்பாளர் கர்ட் டாங்க். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பயன்படுத்திய ஃபோக்கே வுல்ஃப் 190 விமானமும் அவர் வடிவமைத்ததே. போருக்குப் பின் அர்ஜென்டினாவில் புல்கி 2 ஜெட்டை உருவாக்கினார். 1950களில் இந்தியா வந்தார். பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் அவரது குழு வடிவமைத்த மாருத், 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒலியை விஞ்சும் வேகத்துக்கு வரையப்பட்ட அந்த உடலுக்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை அமையவில்லை. ஆயினும் 1971 போரில் அது ராஜஸ்தான் முனையில் தரைத்தாக்குதல் நடத்தியது. மூன்று அரசுகளுக்கும் உழைத்தது ஒரே அறிவுதான். அறிவுக்கு அறச்சார்பு இல்லை என்ற வாதம் இங்கிருந்து எழுகிறது.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள ராஸ் அல் கைமாவின் பழைய துறைமுகமான ஜுல்ஃபாரில் கிடைக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் அவ்வூர்க்காரர். 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்களுக்குக் கோழிக்கோடு வரை வழிகாட்டியவர் அவரே என்ற பழி நெடுங்காலம் அவர்மேல் இருந்தது. இன்றைய ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. அது உண்மையென்றே கொண்டாலும், விண்மீன்களையும் பருவக்காற்றையும் பற்றிய அவரது அறிவு வணிகனுக்கும் யாத்ரிகனுக்கும் படையெடுப்பவனுக்கும் பொதுவானது.

சமய மரபுகள் பொறுப்பை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன. செயலின் மதிப்பு எண்ணத்தைப் பொறுத்தது என்பது இஸ்லாமிய மரபின் அடிப்படை. பௌத்தமோ ஆயுத வணிகத்தை இல்லறத்தார் விலக்கவேண்டிய ஐந்து தொழில்களில் சேர்க்கிறது. அங்கே தொழிலின் தன்மையே கணக்கில் வருகிறது. புலால் மறுத்தலைப் பேசும் குறள், தின்பதற்காக வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை என்று, கேட்டு வாங்குபவரையும் பொறுப்புக்குள் இழுக்கிறது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் டாங்க்கையும் இப்னு மாஜித்தையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. கடல்வழி அறிவுக்குப் பயன்கள் பல. கொலை அவற்றில் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. போர்விமானத்துக்கோ தாக்குதலே நோக்கம். பீரங்கி பொருத்தும் இடம் முதல் வரைபடத்திலேயே குறிக்கப்படுகிறது. விளைவை முன்னறிந்து வரைந்தவர் பொறுப்பிலிருந்து விலக முடியாது. தற்காப்பு என்ற நியாயம் அந்தச் சுமையைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்காது. விமானத்தைக் கேட்ட அரசும், அந்த அரசைத் தேர்ந்த மக்களும் அதில் பங்காளிகள்.