குற்றம் நாவினதோ?

நீரிழிவைச் செல்வர் நோயென்றும், நாவடக்கம் இல்லாதாரைப் பற்றுவதென்றும் கூறுவதுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து, 2017-இல் வெளியான ஆய்வு இதனை மறுக்கிறது. தமிழகம் உள்ளிட்ட வளமிக்க பகுதிகளின் நகரங்களில், செல்வரைவிட வறியோரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை அது கண்டது.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கூலியாளின் பசியை மலிவாய் ஆற்றுவன தீட்டிய அரிசியும் சர்க்கரையிட்ட தேநீருமே. பருப்பும் காயும் பழமும் விலை மிக்கவை. நோய் தொடங்கினும், ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை செல்ல அவர் துணிவதில்லை. இன்னும், நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது தாய் வயிற்றிலிருந்தோர்க்கு, ஐம்பதாம் வயதளவில், குருதிச் சர்க்கரையை ஆளும் திறன் பிறரினும் குன்றியிருந்தது. பிறவா மகவு எந்த அடக்கத்தை மீறிற்று?

நாவடக்கம் அறமே. ஆயினும் தெரிந்துண்ண வழியற்றவரிடம் அதனைக் கேட்பது அறமன்று. ஆகவே, அன்பர்களே, பழித்தலை விடுப்போம். நாம் இடும் அன்னதானத்தில் சோற்றோடு பயறும் காயும் மிகுவிப்போம். நம்மிடம் பணிபுரிவோர் கூலி இழவாமல் மருத்துவரைக் காண நாளொன்று நல்குவோம். வயிற்றை நிரப்பிய கொடை, உடலைக் காக்கும்போதே நிறைவுறும்.