மண்டியிடாத வணக்கம்

சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக்கிலுள்ள செயின்ட் லூக்ஸ் போன்ற சமூக மருத்துவமனைகளில், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட முதியவர்கள் மறுபடி நடக்கப் பழகுகிறார்கள். தொற்று, ரத்தக்கட்டி, மூட்டு இறுகிப்போவது, பொருத்திய பாகம் பிற்காலத்தில் தளர்வது எல்லாம் அறுவைக்கு முன்பே மருத்துவர் சொல்லிவிடும் சிக்கல்கள்; தொற்று சுமார் நூற்றில் ஒருவருக்கு வரலாம். பக்தியுள்ளவர் மனத்தை அரிப்பதோ வேறு: இனி மண்டியிட்டு வணங்க முடியுமா? முடியாமல் போகலாம். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்திய மூட்டு பொதுவாக 110 முதல் 120 பாகை வரைதான் மடங்கும். குதிகால்மேல் அமர அது போதாது. முன்புறம் கீறும்போது தோல் நரம்பின் கிளைகள் அறுபடுவதால் அவ்விடம் மரத்தும் போகும். மண்டியிட்டால் உலோகம் உடைந்துவிடாது. ஆனாலும் பலரால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடிவதில்லை.

அதனால் வழிபாடு குறைந்துவிடுமா? குறையாது என்பதே என் வாதம். மண்டியிடாமல் வணங்குவது இன்று நோயாளிக்காகத் தந்த சலுகையுமல்ல. தலையும் இரு கைகளும் இரு முழங்கால்களும் நிலத்தில் படும் பஞ்சாங்க நமஸ்காரத்தைச் சொல்லும் ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடை, தலைமேல் கை குவிக்கும் திரியாங்கத்தையும் நமஸ்காரமாகவே எண்ணுகிறது. அதில் முழங்காலுக்கு வேலையே இல்லை. இஸ்லாத்திலும், நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிமொழி வழிவந்த விதி. நெற்றி நிலத்தில் பட வணங்கும் சஜ்தாவைச் செய்ய முடியாதவருக்குச் சைகை போதும். மூட்டு தேயும் என்பது முன்னோர் அறியாததா என்ன?

உடல் தாழாமல் அகந்தை தாழாது என்று மறுப்பார்கள். வலுவான மறுப்புதான்; உடலின் நிலை மனத்தைப் பழக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுகத்துக்காக நாற்காலி தேடும் திடகாத்திரமானவரைத்தான் அந்த மறுப்பு தொடும். கடுமையாகத் தேய்ந்த மூட்டோடு இருப்பவரிடமிருந்து மண்டியிடுதலைப் பறித்தது கத்தியல்ல, நோய். அறுவையைத் தவிர்த்திருந்தாலும் அவர் தரையில் அமரப்போவதில்லை. தைப்பூசக் காவடியைக் காட்டி, உடலை வருத்துவதே பக்தி என்பாரும் உண்டு. காவடி ஒருவர் தாமாக ஏற்கும் நேர்த்திக்கடன். அதை எல்லார்மேலும் கடமையாக ஏற்ற எந்த ஆகமமும் துணைக்கு வராது. வலியோடாவது மண்டியிட்டுக்கொண்டிருந்து, அறுவைக்குப்பின் அதையும் இழப்பவருக்கு மட்டும் இழப்பு மெய்யானது. அவர் வணக்கமும் குறையவில்லை; ஆனால் நடையா மண்டியிடுதலா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவருடையது. ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், 'நீங்கள் எப்படித் தொழுவீர்கள்?' என்று மருத்துவர் கேட்டுவிட வேண்டும்.