என்ன முறை?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் டிஎன்ஏ பரிசோதனையைத் தள்ளுபடியில் வாங்கிச் செய்திருக்கிறான். கலர் கலராக ஒரு உலக வரைபடம் வரும் என்று எதிர்பார்த்தவனுக்கு தென்னிந்தியா என்று ஒரே கலர்தான் வந்தது. அதற்குக் கீழே உறவினர் பட்டியல். அதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மூன்றாவது கசின் அல்லது அதையொட்டிய உறவு என்று அந்த நிறுவனம் கணித்திருந்தது.

அந்த அம்மா அவனுக்கு முன்பே ஒரு கடிதமும் போட்டிருந்தார். கூடவே ஒரு கப்பல் பதிவேட்டிலிருந்து நகலெடுத்த ஒரு வரி. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், அப்பா பெயர், வயது 22, உயரம், உடம்பில் தழும்பு எங்கே. ஜில்லா வடஆற்காடு, தாலுகா ஆற்காடு, ஊர் திமிரி. எழுத்தர் காதில் விழுந்த மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் திமிரி என்று தெரிந்தது. சாதி என்ற கட்டத்தில் 'பறையா' என்று இருந்தது.

மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். இந்த ஊர் இன்னும் இருக்கிறதா? அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா? அந்தக் கட்டத்தில் இருக்கும் சொல் எங்கள் குடும்பப் பெயரா?

தம்பி யோசிக்காமல் எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான். பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அத்தை எனக்குத் தனியாக போன் செய்தார். "அந்தம்மாவுக்கு பதில் கிதில் போட்டுக்கினு இருக்காதே. க்ளார்க் எவனோ தப்பா எழுதிக்கீறான். நமக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?"

எங்கள் குடும்பம் அந்தச் சாதி இல்லை. எந்தச் சாதி என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த பத்தியிலிருந்து நீங்கள் அதை வைத்துத்தான் படிப்பீர்கள். ஊரில் நாங்கள் தெருவில் இருப்பவர்கள், காலனியில் இல்லை என்பது போதும். அத்தை மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. வடஆற்காடும் செங்கல்பட்டும் ஆட்களை அள்ளிக் கொடுத்த ஜில்லாக்கள். 1876–78 பஞ்சம் தின்றுபோட்ட மண். ஐந்து வருட ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, உயரம் அளந்து, தழும்பு பார்த்து எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய கணக்கு அது. இன்று கொள்ளுப்பேரன்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரே குடும்ப ஆவணமும் அதுவே. எங்கள் வீட்டில் இதைவிட மோசம். தாத்தாவின் தாத்தா பெயர் ஒருவருக்கும் தெரியாது. நிலப் பட்டாவில் இருக்கும் பெயருக்கு மேலே எங்களுக்கு வரலாறு கிடையாது. ஆனால் நாங்கள் 'அந்த ஆட்கள்' இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

டிஎன்ஏ என்ன சொல்கிறது என்பதை நிதானமாகப் பார்த்தேன். இருவருக்கும் பொதுவாக 61 சென்டிமார்கன். அதில் ஒரே துண்டாக 38. மூன்றாவது கசின்கள் சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பகிர்வார்கள். பத்தில் ஒரு ஜோடிக்கு ஒன்றுமே பொருந்தாது. நம் ஊரில் இந்தக் கணக்கில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஏறத்தாழ 4,200 வருடங்களுக்கு முன்பிருந்து 1,900 வருடங்களுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கலந்தார்கள், அதற்குப் பிறகு கதவை அடைத்துக்கொண்டார்கள் என்று 2013-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. தெற்காசியாவில் 263 குழுக்களை ஆராய்ந்த 2017 ஆய்வு, அவற்றில் 81 குழுக்கள் யூதர்களின் அஷ்கெனாசி கிளையையும் பின்லாந்துக்காரர்களையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்றது. ஒரே சாதிக்குள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டால், உண்மையில் ஏழாவது கசின்கூட எந்திரத்தின் கண்ணுக்கு மூன்றாவது கசின் மாதிரி தெரிவார். சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய சேர்ந்து பெரிய எண்ணாகிவிடும்.

சாதிக்குள் என்றால் இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம். இங்கே பதிவேடு வேறு சாதி என்கிறது. 38 சென்டிமார்கன் ஒரே துண்டாக இருப்பது 1,900 வருடத்துக்கு முந்தைய கலப்பாக இருக்க முடியாது. அவ்வளவு காலத்தில் அது பொடிப்பொடியாகியிருக்கும். யாரோ இரண்டு பேர், சில தலைமுறைகளுக்கு முன்னால்.

எந்த இரண்டு பேர்? எழுத்தர் தப்பாக எழுதியிருக்கலாம், அல்லது போனவரே மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவுக்கு கொள்ளுத்தாத்தா பாட்டிகள் எட்டுப் பேர். திமிரிக்காரர் தவிர மற்ற ஏழு பேரில் ஒருவர் வழியாகவும் இந்தத் துண்டு வந்திருக்கலாம். நாங்களே எங்கிருந்தோ வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, தெருவுக்குள் நுழைந்தவர்களாக இருக்கலாம். கடைசியாக ஒன்று. நிலம் வைத்திருந்தவன் வீட்டு ஆண், பண்ணையில் வேலை செய்தவன் வீட்டுப் பெண். சாதி தாண்டிய காதல் என்று இதை நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பண்ணையில் அந்தப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடுகிறது. அறிக்கையில் ஒரு எண் இருக்கிறது. அது யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது அதில் இல்லை.

இத்தனை சாத்தியங்களில் எங்கள் குடும்பம் பத்து நிமிஷத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

பூர்வீகம் என்றாலே நமக்குக் கசப்பு என்றும் சொல்ல முடியாது. மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து விருமாண்டியின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற குறியீடு இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டுபிடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது என்றார்கள். டாக்குமெண்டரி எடுத்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. எங்கள் பெரியப்பா அந்தச் செய்தியைப் பல வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோம் என்பதில் அவருக்குக் கூச்சமே இல்லை. 130 வருடத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவுக்குப் போனவர் ஒருவர் நம் ஆள் என்றதும் குரூப்பிலிருந்தே வெளியேறிவிட்டார்.

அத்தையின் கோபத்தில் ஒரு நியாயம் இருப்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் எந்தக் குப்பியிலும் துப்பவில்லை. ஆனால் அண்ணன் தம்பி மகனுக்கும் அத்தைக்கும் கால்வாசி டிஎன்ஏ பொது. கேட்காமலே கால்வாசி அத்தையை அவன் அமெரிக்காவுக்குப் பார்சல் செய்துவிட்டான். 2018-இல் கலிஃபோர்னியாவில் பழைய தொடர்கொலைகாரன் ஜோசப் டிஏஞ்சலோவைப் போலீஸ் பிடித்தது இப்படித்தான். அவன் சோதனை செய்துகொள்ளவில்லை. தூரத்துச் சொந்தங்கள் ஜெட்மேட்ச் தளத்தில் தங்கள் தகவலைப் போட்டிருந்தார்கள். கொலைகாரன் என்பதால் நாம் கைதட்டினோம். 2023-இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் திருடர்கள் நேரடியாக உடைத்தது ஏறத்தாழ 14,000 கணக்குகளைத்தான். உறவினர்களைக் காட்டும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் தகவல் போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. சொந்தபந்தம் என்பதன் இயல்பே அதுதான், ஒருவர் வாயைத் திறந்தால் எல்லோர் கதையும் வெளியே வரும்.

அப்படியென்றால் தேடுகிறவர்களைத் தேடாதே என்று சொல்லிவிட முடியுமா? இலங்கையிலிருந்து முக்கியமாக எண்பதுகளில் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்தபோது, பிறப்புச் சான்றிதழில் தாய் என்று இருந்த பெண் தாயே இல்லை என்று சிலருக்கு டிஎன்ஏ சொன்னது. காசு வாங்கிக்கொண்டு தாயாக நடிக்க ஆள் வைத்திருந்திருக்கிறார்கள். 2017-இல் நெதர்லாந்தின் செம்ப்லா தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை வெளியே கொண்டுவந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன முறைகேட்டை ஒப்புக்கொண்டு டிஎன்ஏ வங்கி அமைப்பதாகச் சொன்னார். காகிதம் பொய் சொல்லும்போது எச்சிலைத் தவிர அவர்களுக்கு வேறு சாட்சி இல்லை. அதே சமயம், இருபது வயதில் குழந்தையைக் கொடுத்துவிட்டு, பிறகு கல்யாணமாகி, யாரிடமும் சொல்லாமல் வாழும் ஒரு பெண்ணின் கதவை ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து தட்டினால் அவள் கதி என்ன? இந்தியத் தத்தெடுப்பு விதிகள் வேர்களைத் தேடும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அது பெற்றவர்களின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்றும் சொல்கின்றன. எனக்கு அது சரியாகவே படுகிறது.

நான் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்த இடம் இது. அந்தப் பெண்ணின் மௌனமும் என் அத்தையின் மௌனமும் ஒன்றா? இருவரும் ஊர் வாய்க்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பெண் மறைப்பது தனக்கு நடந்த ஒன்றை. அது வெளியே வந்தால் அடி அவளுக்கு. எங்கள் வீடு மறைக்க நினைப்பது இன்னொருவரோடு தொடர்பு இருக்கிறது என்பதை. காலனியில் இருப்பவர்கள் தாழ்ந்தவர்கள் என்று ஒப்புக்கொண்டால்தான் அதில் மறைக்க ஏதாவது இருக்கிறது. அந்தரங்கம் என்று சொல்லி இதற்கும் அதே மரியாதையை நான் கேட்டால், டர்பன் அம்மாவிடம் போய் உங்கள் கொள்ளுத்தாத்தா எங்களுக்கு அவமானம் என்று சொல்வதாகத்தானே ஆகும்?

இவ்வளவையும் யோசித்துவிட்டு அத்தை மகளிடம் போய்ப் பேசினேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. காலையில் கம்பெனி பஸ்ஸில் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே சீட்டில் போய், ஒரே மேஜையில் ஷூவின் மேல்தோலைத் தைத்துவிட்டு, சாயங்காலம் ஊர் முனையில் இறங்கி இரண்டாகப் பிரிந்து நடப்பார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் தொட்டால் தீட்டு. இப்போது மாதச் சம்பளம், பி.எஃப். தோலைத் தொடுவது பிரச்சினை இல்லை என்றாகிவிட்டது, மற்றது அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் நான் ஆவேசமாகச் சொன்னேன். இதுக்காகவே வேண்டாம்னு போற மாப்பிள்ளை இப்பவே போகட்டும் என்றும் சொன்னேன்.

"போகட்டும்னு சொல்றது உனக்கு ஈஸி," என்றாள். "எனக்கு இருபத்தொம்பது ஆவுது. நீ நியாயம் பேசுவ, வீட்ல பேச்சு நான்தான் கேப்பேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. இந்தக் கட்டுரையில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அனுப்பினேன். அத்தையிடம் கேட்கவில்லை. தம்பி செய்ததையே நானும் செய்கிறேன் என்று தெரிகிறது.

இந்த விவகாரத்தில் உருப்படியான கேள்வி கேட்டது ஆயாதான். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி எல்லாம் சொன்னபோது, சாதிக் கட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அவ எனக்கு இன்னா முறை ஆவணும்?" என்றார். சொல்லத் தெரியவில்லை. அந்தப் பட்டியலில் சித்தப்பா மகனும் அத்தை மகளும் ஒரே வரிதான், முதல் கசின். நமக்கு ஒருவன் தம்பி, இன்னொருத்தி முறைக்காரி. பங்காளியா, மாமன் மச்சான் வகையா என்று தெரியாமல் தமிழில் ஒருவரைக் கூப்பிடவே முடியாது. அக்கா என்பதா, அண்ணி என்பதா? 61 சென்டிமார்கனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கொண்டு கொடுத்துப் பழகி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்துபோய்த்தான் முறை வரும். வந்துபோகும் வழி 130 வருடமாக அடைபட்டிருந்தது. ஆயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வயசுல சின்னவதானே, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

மார்ச்சில் அந்த அம்மாவுக்கு எழுதினேன். திமிரி இருக்கிறது, ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில். அந்தச் சொல் குடும்பப் பெயர் இல்லை. அது என்ன, எழுத்தர் ஏன் அதைக் கேட்டு எழுதினார், இன்று இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை இரண்டு பக்கம் எழுதினேன். நாங்கள் வேறு சாதி என்பதையும், வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஊரில் காலனியிலும் அவருக்கு உறவுகள் இருக்க வேண்டும், அவர்களைத் தேடுவதுதான் முதல் வேலை, நான் விசாரிக்கிறேன் என்றும் சேர்த்தேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. அப்பா தங்களுக்கு நாம் தமிழர் என்பதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை, ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கும், சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருப்பார் என்று எழுதியிருந்தார். அந்த முடிவைத் தன் ஆர்வம் உடைத்துவிட்டதோ என்று அவருக்கு ஒரு உறுத்தல். மார்கழியில் சென்னைக்கு வருகிறார். திமிரியில் அரை நாள் போதும், உங்கள் வீட்டுக்குத் தொந்தரவு என்றால் காரிலிருந்து இறங்காமல்கூடப் பார்த்துக்கொள்வேன் என்கிறார்.

அத்தை மகளுக்கு நிச்சயதார்த்தம் தை மாதம். காலனியில் ஒரு பெரியவரிடம் பேசியிருக்கிறேன். அவருடைய தாத்தாவின் அண்ணன் ஒருவர் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை என்று அவர் வீட்டில் ஒரு பேச்சு உண்டாம், பெயர் ஞாபகம் இல்லை. அந்த அம்மா வரட்டும், பார்க்கலாம் என்றார். ஆற்காடு தாண்டி ஊருக்குள் நுழையும்போது டிரைவர் எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்பார். முதலில் காலனிக்கு என்று சொல்வதாக இருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வாசல், ஆயா அங்கே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.