நாக்குக்கா, கன்றுக்கா?

பாலை விட்டவள் மில்க்மெய்டு ருசிக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? கேட்டவர் என் நாத்தனார். என் பேத்தி பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அடுப்படியில் தேங்காய்ப்பாலைச் சீனி போட்டுக் குறுக்கிக்கொண்டிருந்தாள். “ஆசை அப்படியே இருக்கு, மாடு மட்டும் போயிருக்கு. இது என்ன விரதம் மக்ளே?” என்றார். நாகர்கோவில்காரர் வாயிலிருந்து வருகிற குத்தலை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உண்மையிலேயே நல்ல கேள்விதான்.

அது எனக்குக் காந்தியை நினைவுபடுத்தியது.

காந்தி 1912-இல் தென்னாப்பிரிக்காவில், தால்ஸ்தாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். அவருக்குக் காரணங்கள் இரண்டு. பால் புலன்களைக் கிளறும் என்று நினைத்தார். கல்கத்தாவில் பசுவையும் எருமையையும் வதைத்துக் கறக்கிறார்கள் என்று படித்திருந்தார். பிறகு இந்தியாவில் கடும் நோயில் விழுந்தபோது, வைத்தியர் பால் குடித்தே ஆக வேண்டும் என்றார். ஆட்டுப்பால் உங்கள் விரதத்தில் சேராதே என்று கஸ்தூர்பா வழி காட்டினார். குடித்தார். விரதத்தின் சொல் பிழைத்தது, அதன் உயிர் போயிற்று என்று சுயசரிதையில் வருந்தவும் செய்தார்.

அந்த இரண்டு காரணங்களையும் நாம் ஒன்றாகக் கட்டிவிடுவதில்தான் குழப்பம். நாக்கை அடக்க ஒருவர் பாலை விட்டால், மாற்று தேடுவது தன்னையே ஏய்ப்பதுதான். ஏகாதசிக்கு அரிசியை ஒதுக்கிவிட்டுக் கோதுமையில் மூக்குப்பிடிக்கச் சாப்பிடுகிறவரை நாத்தனார் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் என் பேத்தி நாக்கோடு எந்தச் சண்டையும் போடவில்லை. மாடு கன்று போட்டால்தான் பால். போட்டது காளைக்கன்று என்றால் பால் பண்ணைக்கு அதனால் பயனில்லை. அது எங்கே போகிறது என்பதுதான் அவள் கேள்வி. கன்றுக்காக விட்டவள் இனிப்பை எதற்கு விட வேண்டும்? காந்தியின் ஆட்டுப்பாலில் சொல் மட்டும் மிஞ்சியது. இவள் வாணலியில் நோக்கம் முழுசாக இருக்கிறது.

தேங்காய்ப்பாலைக் குறுக்கும் வேலை ஒன்றும் லேசில்லை. பிரதமன் பாயசத்துக்கு, முதலில் பிழிந்த ஒண்ணாம் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்குவோம். இங்கே அந்த ஒண்ணாம் பாலையே சிறு தீயில் பாதியாகும்வரை கிண்ட வேண்டும். தீ கூடினால் எண்ணெய் பிரிந்து நிற்கும். வெல்லம் போட்டால் ருசி நன்றாகவே இருக்கும், நிறம் பழுப்பேறிவிடும், அதனால் சீனி. இறக்கும்போது தண்ணியாகத் தெரிந்தாலும் ஆறினால் கெட்டிப்படும்.

“சரி, இதைச் சாமிக்குப் படைக்கலாமா?” என்றார் நாத்தனார் அடுத்து. இதற்கு நான் யோசிக்கவே இல்லை. அடைப்பிரதமன் தேங்காய்ப்பாலும் வெல்லமும்தான். அதை அவரே எத்தனையோ பூசைக்குத் தன் கையால் வைத்திருக்கிறார். பசும்பாலுக்குப் பதிலாக வந்த போலி என்று யாரும் சொன்னதில்லை. சதுர்த்திக்குச் சேமியாவைத் தேங்காய் எண்ணெயில் வறுத்து, பேத்தி காய்ச்சியதை ஊற்றிப் பாயசம் வைத்தோம். நாத்தனார் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.