காந்தம் ஒட்டினால் போதுமா?

ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவப் பதக்கம் ஒன்று கைக்கு வந்தால், சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது ஒரு காந்தத்தை. 'இரும்புச் சிலுவை'யின் நடுப்பகுதி நிஜமாகவே இரும்பு. கறுப்பு அடித்த தகட்டை இரண்டு வெள்ளிநிறச் சட்டங்களுக்கு நடுவே வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். ஒட்டவில்லை என்றால் போலியா? அதுவும் நிச்சயமில்லை. இரும்பே இல்லாத அசல்களும் உண்டு.

துணி பேட்ஜ் என்றால் புற ஊதா விளக்கு. பிற்கால நூலில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருந்தால் பளீரென்று நீலமாக ஒளிரும். ஆனால், யாரோ ஒரு ஜெர்மன் பாட்டி அசல் பேட்ஜை 1970-ல் நல்ல சோப்புப் பவுடர் போட்டு அலசியிருந்தால் அதுவும்தான் ஒளிரும். பாவம், போலியாகிவிடும்!

இதையெல்லாம்விட என்னைக் குடைவது லூடன்ஷைட் நகரத்து ஸ்டைன்ஹவர் அண்ட் லூக் கம்பெனி கதை. போரின்போது பதக்கம் செய்தவர்கள். 1957-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது: போரில் வாங்கிய பதக்கத்தை அணியலாம், ஸ்வஸ்திகா மட்டும் கூடாது. இரும்புச் சிலுவையில் அந்த இடத்துக்கு ஓக் இலை வந்தது. அதையும் இதே கம்பெனி செய்து கொடுத்தது. போதாததற்கு, பழைய அச்சிலேயே அடித்த ஸ்வஸ்திகா பதக்கங்களும் போருக்குப் பிறகு வெளியே வந்தன. அச்சில் விழுந்த விரிசல், பதக்கத்தின் ஓரத்தில் சின்னப் புடைப்பாகத் தெரியும். அந்த விரிசல் 1945-க்கு முன்பா, பின்பா என்று லென்ஸும் கையுமாக வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அதே கம்பெனி, அதே அச்சு. ஒன்று பொக்கிஷம், இன்னொன்று குப்பை. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

நான் பி.காம். படித்தவன். குட்வில் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து பாலன்ஸ் ஷீட்டில் ஏறும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே ஏறுவது அது இல்லை. சாதாரணச் சிப்பாயின் பேட்ஜைவிட எஸ்.எஸ். பேட்ஜுக்கு விலை ஜாஸ்தி. வதை முகாம்களை நடத்தியவர்கள் அந்த எஸ்.எஸ். ஆட்கள்தான். பாவம் கூடக்கூட விலையும் கூடுகிறது.

போலி செய்கிறவன் திருடன், சந்தேகமில்லை. ஆசிட்டில் ஊறப்போட்டு, துருப்பிடிக்க வைத்து விற்கிறான். ஆனால், ஏமாந்தவரின் புலம்பலைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். 'ஐயோ, இது நிஜ நாஜியின் மார்பில் தொங்கியது இல்லையா!' அந்தப் போலிப் பதக்கம் யாரையும் கொல்லவில்லை என்பதுதான் அவருடைய துக்கம்.

அவசரப்படுகிறேனோ? அணிந்த எல்லோருமே கொலைகாரர்கள் இல்லை. கட்டாயமாக இழுத்துக்கொண்டு போன பதினெட்டு வயதுப் பையனும் இருந்தான். தவிர, அசல் என்பது சாட்சி. ஆஷ்விட்ஸ் மியூசியத்தில் செத்தவர்களின் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒரே ஒரு ஜோடி போலி என்றாலும், 'எல்லாமே கட்டுக்கதை' என்று கூவ ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அங்கே அசல் வேண்டும், கண்டிப்பாக வேண்டும்.

வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது சாட்சியா, அலங்காரமா? வைத்திருப்பவர் 'வரலாறு' என்பார். சரி. ஓக் இலை வைத்த 1957 பதக்கமும் வரலாறுதானே? வெட்கத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, வீரத்தை வைத்துக்கொண்ட ஒரு தேசத்தின் வரலாறு. அதை மட்டும் ஏன் சல்லிசாகக் கொடுக்கிறார்கள்?